ஜனகன் ஊரில் புதுக் குடித்தனம்

தில்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் ஜனக்புரி மேற்கு நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் தசரத்புரி. சம்பந்திகள் இருவருக்கும் நடுவே டாப்ரி மோர் என்ற ஒரே ஒரு நிலையம்தான் குறுக்கே நிற்கிறது. பக்கத்திலேயே சீதாபுரி என்றொரு குடியிருப்பும் உண்டு. நீலப் பாதையில் எதிர்த் திசையில் நான்கு நிறுத்தம் போய் டாகோர் கார்டனில் இறங்கினால் தீதார்பூர். ஆண்டுதோறும் தசராவுக்கு முன்னால் ராவணனின் தலைகள் மூங்கிலிலும் காகிதத்திலும் தயாராகிச் சாலையோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடம். ஆக, ராமாயணத்தின் முக்கியமான குடும்பங்கள் எல்லாம் மேற்குத் தில்லியில் மெட்ரோ தூரத்தில் குடியிருக்கின்றன. இங்கே சீதை புக்ககம் போக ஐந்து நிமிஷம் போதும்.

கல்யாணமான சூட்டோடு தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து இறங்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. சென்னை சென்ட்ரல் மட்டுமே சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு முழுப் பகலும் இரண்டு இரவுகளும் ஆகும். அதற்கப்புறம் கும்பகோணமோ திருநெல்வேலியோ போக இன்னொரு ரயில்.

இந்தக் கட்டுரையில் வரும் தம்பதிக்குப் பெயர் கிடையாது. ஜனக்புரியின் ஏதாவது ஒரு பிளாக்கில் மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குக்கர், இட்லித் தட்டு, மிக்ஸி, இரண்டு சூட்கேஸோடு குடித்தனம் தொடங்கும் எந்த ஜோடியை வைத்துக்கொண்டாலும் சரிதான். அவன் குருகிராமிலோ நொய்டாவிலோ வேலை பார்க்கிறான். அவள் எம்.எஸ்ஸி.யோ பி.இ.யோ படித்திருக்கிறாள்; ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் தெரிந்த இந்தி, சினிமாப் பாட்டில் கற்ற இந்தி. அதை வைத்துக் காதலிக்கலாம். குழாய் ரிப்பேர்காரரிடம் பேச முடியாது.

ஜனக்புரி தில்லி வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய காலனி. 1970களில் நகரத்தின் மேற்கு ஓரத்தில் வயல்களும் கிராமங்களுமாக இருந்த நிலத்தில் டி.டி.ஏ. மனைகளும் அடுக்கு வீடுகளுமாக எழும்பியது. ஆசியாவிலேயே பெரிய குடியிருப்பு என்று பழைய ஆட்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். யார் அளந்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஏ, பி, சி, டி என்று பெரிய பிளாக்குகள், அதற்குள் சி-1, சி-2, அதற்குள்ளும் சி-4இ, சி-2பி என்று ரசாயன சூத்திரம் போல முகவரிகள். ஆட்டோக்காரருக்கே தலை சுற்றும். வந்த புதிதில் அவள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வழி தவறாமல் வந்தால் அதுவே ஒரு சாதனை, ஏனென்றால் எல்லாத் தெருவும் ஒரே தெரு மாதிரி இருக்கும்: ஒரு பூங்கா, பூங்காவைச் சுற்றிக் கார்கள், கேட்டில் ஒரு காவலாளி, மரத்தடியில் மேஜை போட்டு இஸ்திரி போடுகிறவர்.

வீடு கிடைப்பதே ஒரு படலம். உரிமையாளர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். 1947இல் லாகூர் பக்கத்திலிருந்தும் முல்தான் பக்கத்திலிருந்தும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். குடிவைக்க 'மதராஸி' என்றால் அவர்களுக்கு ஒரு நிம்மதி. மதராஸிகள் சத்தம் போட மாட்டார்கள், வாடகையை ஒன்றாம் தேதி கொடுத்துவிடுவார்கள், எல்லோரும் சைவம் என்பது நம்பிக்கை. கடைசி நம்பிக்கையால் மதுரைக்காரர்களும் நாகர்கோவில்காரர்களும் படும் பாடு தனிக்கதை. மீன் குழம்பு வைக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் ஜனக்புரியில் உண்டு. அந்த நம்பிக்கையைத் திருத்தாமல், அதன் சலுகையை மட்டும் வாங்கிக்கொள்ளும் தமிழர்களும் உண்டு.

வாடகை ஒப்பந்தம் எப்போதும் பதினொரு மாதத்துக்குத்தான். பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்க நாடு முழுதும் கையாளும் உபாயம் இது. குடியிருப்பவரைப் பற்றிப் போலீஸில் தகவல் கொடுக்கும் படிவம் வேறு. புகைப்படம், சொந்த ஊர் முகவரி, வேலை செய்யுமிடம். அந்தப் படிவத்தில் மனைவியின் வேலை என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதும்போது சில பெண்களுக்குப் பேனா ஒரு நிமிஷம் நிற்கிறது.

முதல் ஆறு மாதப் பாடம் காய்கறியில் தொடங்குகிறது. தள்ளுவண்டிக்காரர் காலையில் கூவிக்கொண்டு போவார். சுரைக்காய் இங்கே லௌகி, பீர்க்கங்காய் தோரி, பாகற்காய் கரேலா, சேப்பங்கிழங்கு அர்பி, சேனைக்கிழங்கு ஜிமிகந்த். டிண்டா என்று பச்சையாய், உருண்டையாய் ஒன்று இருக்கிறது; அதற்குத் தமிழில் பெயரும் இல்லை, சமையல் குறிப்பும் இல்லை. முருங்கைக்காய் கிடைக்கும் நாளில் இரண்டு கட்டாக வாங்கிவிட வேண்டும். கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாக வரும், கறிவேப்பிலைதான் வம்பு. ஊரில் கேட்காமலே பையில் திணிக்கும் பொருளை இங்கே காசு கொடுத்து வாங்கும்போது தமிழ் மனம் சற்றுச் சுருங்கத்தான் செய்கிறது. அதனாலேயே ஜனக்புரியின் பழைய தமிழ்க் குடும்பங்களின் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கலாம். வழி தேடி வரும் புதியவர்களுக்கு வீட்டு எண்ணைவிட அது நல்ல அடையாளம்.

பால் மதர் டெய்ரி பூத்தில். டோக்கன் போட்டால் தூக்குப் பாத்திரத்தில் சரியான அளவு பால் கொட்டும் இயந்திரத்தை முதல் முறை பார்ப்பவர்களுக்கு வேடிக்கைதான். தண்ணீர் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரத்தில் வரும். அப்போது மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ளாவிட்டால் அன்றைய நாள் போச்சு. கீழ்வீட்டு ஆண்ட்டியோடு ஏற்படும் முதல் சண்டையும் முதல் சிநேகமும் பெரும்பாலும் இந்த மோட்டாரால்தான்.

பருவங்கள்தான் உண்மையான ஆசிரியர்கள். தமிழ்நாட்டில் இருப்பது வெயில், அதிக வெயில், மழை. தில்லியில் வருஷம் ஒரு ஊஞ்சல். 2021 ஜனவரி 1ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 1.1 டிகிரி. அதே நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி. இரண்டையும் ஒரே அலமாரியை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். ஏப்ரலில் ரஜாயை வெயிலில் காயப்போட்டுக் கட்டிலடிப் பெட்டிக்குள் தள்ளுவது, கூலரை இறக்கித் துடைப்பது, அக்டோபரில் இதையே தலைகீழாகச் செய்வது. கூலர்ப் பக்கவாட்டில் வெட்டிவேர்த் தட்டி வைத்த வீடுகளில் மே மாதக் காற்று தஞ்சாவூர்க் கோடையின் வாசனையோடு வரும். ஜூலையில் மழைப் புழுக்கம் ஆரம்பித்ததும் கூலர் வெறும் ஈரக் காற்றை ஊதும் பெட்டியாகிவிடும்.

குளிர்காலத்தில் தமிழ் அடுக்களைக்கு வரும் பெரிய சோதனை, தோசை மாவு புளிக்காது. டிசம்பரில் ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே அடக்கமாகப் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவது, ஓவனுக்குள் விளக்குப் போட்டு வைப்பது, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் நிறுத்துவது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசியம் உண்டு. ஜனக்புரியில் ஒரு புதுப்பெண்ணுக்கு மூத்த தமிழ் மாமி சொல்லிக்கொடுக்கும் முதல் வித்தை அநேகமாக இதுதான்.

ஆனால் அந்தக் குளிர்தான் தில்லியின் பெருமையும். பச்சைப் பட்டாணி குவிந்து கிடக்கும். கேரட் ரத்தச் சிவப்பில் வந்து அல்வாவுக்கு அழைக்கும். மேத்தி, பதுவா, கடுகுக்கீரை என்று கீரைகளின் திருவிழா. தெருமுனையில் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளியை நறுக்கி எலுமிச்சை பிழிந்து மசாலா தூவித் தொன்னையில் கொடுப்பார்கள். வேர்க்கடலையும் எள் மிட்டாயும் விற்பவர்கள் மண்சட்டியில் தணல் வைத்துக் கடலையைச் சூடாக வைத்திருப்பார்கள். ஒரு பொட்டலத்தை இருவரும் பகிர்ந்துகொண்டு, வாயிலிருந்து புகை வர, பிளாக்கைச் சுற்றி நடப்பது புதுத் தம்பதியின் முதல் உல்லாசப் பயணம். செலவு அதிகமில்லை.

அதைவிடப் பெரிய உலாக்களுக்கு மெட்ரோ வழி செய்தது. 2005 டிசம்பர் 31 அன்று நீலப் பாதை துவாரகா வரை வந்தபோதுதான் ஜனக்புரி தில்லியின் நடுவோடு சேர்ந்தது. அதற்கு முன்பு கனாட் பிளேஸ் போவதென்றால் பஸ். 1990களின் புளூலைன் தனியார் பஸ்கள் பயணிகளையும் பாதசாரிகளையும் நடுங்க வைத்த காலம் அது. ஸ்கூட்டர் வைத்திருந்த தம்பதிகள் பாக்கியசாலிகள். ஜனவரிப் பனிமூட்டத்தில் அதில் பின்னால் உட்கார்ந்து போன மனைவிமார்களுக்கு அந்தப் பாக்கியம் அப்போது விளங்கியிருக்காது. 2018 மே மாத இறுதியில் மெஜந்தா பாதை ஜனக்புரி மேற்குக்கு வந்தபின் நிலையமே ஒரு காட்சிப் பொருளாயிற்று. நீலப் பாதை தலைக்கு மேலே ஓடுகிறது, மெஜந்தா தரைக்கு அடியில். இரண்டையும் இணைக்கும் நகரும் படிக்கட்டு 15.6 மீட்டர் உயரம். ஊரிலிருந்து வரும் மாமியார்கள் அதன் முன்னால் ஒரு கணம் நின்று முருகனைக் கூப்பிடுவது வழக்கம். 2020 டிசம்பர் 28 அன்று நாட்டின் முதல் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில் புறப்பட்டதும் இந்தப் பாதையில்தான். 2025 ஜனவரியில் அது கிருஷ்ணா பார்க் எக்ஸ்டென்ஷன் வரை நீண்டது.

இந்தப் பாதையில் ஏழாவது நிறுத்தம் வசந்த் விஹார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆர்.கே. புரத்துக் குன்றின்மேல் மலை மந்திர் என்று தில்லி முழுதும் அழைக்கும் உத்தர சுவாமி மலை. 1973இல் கும்பாபிஷேகம் ஆன சுவாமிநாதர் கோயில். படியேறி நின்றால் மயில்கள் அகவும். கீழே வேப்பமரங்களும் அரசாங்கக் குடியிருப்புகளும். பக்தி உள்ளவர்களுக்கு முருகன். இல்லாதவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு காரணம் இருக்கிறது: சுற்றிலும் தமிழ் காதில் விழும். ஒரு வாரமாக வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் தமிழில் பேசாத பெண் அந்தப் படிக்கட்டில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வருவாள். ஊர் எது, உறவு எது, மாவு எங்கே வாங்குகிறீர்கள். 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கமும் ஆர்.கே. புரத்தில்தான் இருக்கிறது. வாசலில் வள்ளுவர் சிலை, உள்ளே நூலகம், வார இறுதிகளில் நாடகமோ இசையோ பட்டிமன்றமோ.

பாரிஸில் குடித்தனம் வைக்கும் தமிழ்த் தம்பதிக்கு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அப்பால் லா ஷாப்பெல் தெரு எதுவோ, அதுவே தில்லித் தமிழருக்கு வெகுகாலமாகக் கரோல் பாக். அங்கே ஈழத் தமிழர் கடைகளில் வாழைப்பூவும் வடகமும் வாங்கி, மாணிக்க விநாயகர் தேரோட்டத்தில் பிரெஞ்சுப் போலீஸ்காரரின் முன்னிலையில் தேங்காய் உடைக்கிறார்கள். ஐஃபில் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள், ஊரும் மகிழ்கிறது. அயல்நாடு என்று தெரிந்தே போனவர்களுக்கு எதுவும் ஏமாற்றம் இல்லை. சொந்த நாட்டுத் தலைநகரில் பாஷை தெரியாமல் நிற்கும் பெண்ணின் சங்கடம் வேறு மாதிரி. வெளிநாடு போனதற்கான மரியாதையும் ஊரில் அவளுக்குக் கிடையாது, சொந்த ஊரில் இருப்பதன் சுகமும் கிடையாது. தில்லியில் வாழ்ந்து எழுதிய இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் இந்த இரண்டுங்கெட்டான் நிலையை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அவர்களுடைய பாத்திரங்களில் பலர் சர்க்கார் குமாஸ்தாக்கள், அதிகாரிகள். இன்றைய ஜனக்புரித் தம்பதி சர்க்காரை வங்கிக் கணக்கிலும் ஆதார் மையத்திலும் மட்டுமே சந்திக்கிறது.

வீட்டுக்குப் பக்கத்து உலாக்கள் பலரும் அறியாதவை. உத்தம் நகருக்குள் குயவர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தெரு முழுதும் சக்கரமும் சூளையும் அடுக்கிய பானைகளும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்து அகல் விளக்குகள் லட்சக்கணக்கில் காயும். கார்த்திகை தீபத்துக்கும் சேர்த்து அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வது தமிழ் வீடுகளின் சாமர்த்தியம், ஏனென்றால் தீபாவளி முடிந்துவிட்டால் தில்லிக் கடைத்தெருவில் அகல் என்ற பேச்சே இராது. இன்னும் சற்று உள்ளே ஹஸ்த்சால் கிராமத்தில் செங்கல்லும் சிவப்புக் கல்லுமாக ஒரு சிறிய மினார் நிற்கிறது. ஷாஜகான் காலத்தது, சுமார் 17 மீட்டர் உயரம், குதுப் மினாரின் குட்டித் தம்பி போல. நெருக்கியடித்த வீடுகள் நடுவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குதுப் மினார் பார்க்கப் போகிறவர்கள் கூட்டத்தில் நசுங்குகிறார்கள். இங்கே துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே ஒரு முகலாய மினாரை இரண்டு பேர் மட்டும் அண்ணாந்து பார்க்கலாம்.

2014இல் திறந்த ஜனக்புரி தில்லி ஹாட், நகரத்தின் மூன்றாவது தில்லி ஹாட். ஐ.என்.ஏ.வில் இருக்கும் முதலாவதின் கூட்டமும் கலகலப்பும் இதற்கு வரவில்லை. இசையை மையக் கருத்தாக வைத்துக் கட்டியது. பல மாலைகளில் அமைதியே பிரதான இசை. வெறிச்சோடிக் கிடக்கிறது என்று குறை சொல்பவர்கள் கல்யாணமாகிப் பல வருஷமானவர்கள். புதுத் தம்பதிக்கு அதுதானே வேண்டும்?

அதற்குச் சற்று அப்பால் திகார் சிறையின் மதில். ஜனக்புரியின் ஒரு பக்கத்துச் சாலைக்கு ஜெயில் ரோடு என்றே பெயர். நாட்டின் மிகப் பெரிய சிறை வளாகங்களில் ஒன்றின் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்று ஊரில் அம்மாவிடம் சொல்வதற்கு முதலில் தயக்கமாக இருக்கும். கிரண் பேடி சிறைத் துறைத் தலைவராக இருந்தபோது 1994இல் ஆயிரம் கைதிகளுக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து விபாசனா தியானம் செய்த இடம் இது. கைதிகள் சுட்ட ரொட்டியும் பிஸ்கட்டும் டி.ஜே. என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. ஒருமுறை வாங்கிப் பார்த்த பிறகு தயக்கம் போய்விடுகிறது. பிஸ்கட் நன்றாகவே இருக்கிறது.

இன்னொரு மதில் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த நிறுத்தத்துக்கு அடுத்தது திலக் நகர். துணிக்கடைகளும் சோலே பட்டூரேயும் கல்யாணச் சாமான்களும் நெருக்கும் உற்சாகமான கடைத்தெரு. அதன் அருகே திலக் விஹார். 1984 நவம்பரில் தில்லியில் கொல்லப்பட்ட சீக்கியர்களின் எண்ணிக்கை அரசுக் கணக்கில் 2,733. அவர்களுடைய மனைவிமார்களில் பலரைக் கொண்டுவந்து குடியமர்த்திய அந்த இடத்துக்கு 'விதவைகள் காலனி' என்றே பெயர் நின்றுவிட்டது. கல்யாணப் புடவைக்கு மேட்சிங் வளையல் வாங்க வரும் தமிழ்ப் பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை. மாடி வீட்டுச் சீக்கியப் பாட்டி ஏன் நவம்பர் முதல் வாரத்தில் வெளியே வருவதில்லை என்பது இரண்டு மூன்று வருஷம் பழகிய பிறகே தெரியவரும்.

இளம் ஜோடிகளின் மாலைப் பொழுதுகளை மாற்றிய தேதி 2012 டிசம்பர் 16. தென்தில்லியில் சினிமா பார்த்துவிட்டுத் துவாரகா பக்கம் திரும்ப, முனீர்க்கா நிறுத்தத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிய மாணவிக்கும் அவருடைய நண்பருக்கும் நடந்தது நாட்டையே தெருவுக்குக் கொண்டுவந்தது. 13 நாள் கழித்து அந்தப் பெண் சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். நீதிபதி வர்மா குழு ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தது; 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று அதே முனீர்க்காவில் பூமிக்கடியில் மெஜந்தா ரயில் நிற்கிறது, அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் ஜனக்புரி. முதல் பெட்டி பெண்களுக்கு என்ற ஏற்பாடு 2010 முதலே உண்டு. 2019 அக்டோபர் 29 அன்று தில்லி பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டு இளஞ்சிவப்பு டிக்கெட் வந்தது. பஸ்ஸில் ஏற இரண்டு தடவை யோசித்த பெண்கள் நூலகத்துக்கும் இந்தி வகுப்புக்கும் வேலை தேடியும் புறப்பட்டார்கள். ஆனாலும் ஊரிலிருந்து வரும் இரவுத் தொலைபேசியில் முதல் கேள்வி 'வீட்டுக்கு வந்தாச்சா?' என்பதுதான். கடைசி மெட்ரோவைத் தவறவிடாமல் பார்ப்பது புதுக் கணவனின் கடமைகளில் ஒன்று. நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள ஒரு கிலோமீட்டருக்கு இ-ரிக்‌ஷா கிடைக்குமா என்பதை எந்தக் குழுவும் தீர்த்துவைக்கவில்லை.

பண்டிகைகளில் இரண்டு ஊரும் மோதிக்கொள்கின்றன, சில சமயம் கைகுலுக்குகின்றன. ஐப்பசியில் கர்வா சௌத். தெருப் பெண்கள் எல்லாம் மருதாணியோடு பட்டினி கிடந்து சல்லடை வழியாக நிலாவைப் பார்த்துக் கணவன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ ஏன் விரதம் இருக்கவில்லை என்று கீழ்வீட்டு ஆண்ட்டி விசாரிப்பார். எங்களுக்கு அது மாசியும் பங்குனியும் கூடும் நேரத்தில், காரடையான் நோன்பு என்று பெயர், வெண்ணெயோடு அடை உண்டு, பட்டினி அதிக நேரமில்லை என்று அரைகுறை இந்தியில் விளக்குவாள். கணவனுக்காகப் பட்டினி கிடப்பதில் தெற்கு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது என்ற முடிவுக்கு ஆண்ட்டி வரக்கூடும். ஜனவரி 13 இரவு லோஹ்ரி. பூங்காவில் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, எள்ளும் பொரியும் கடலையும் போட்டு, டோலக் அடித்து ஆடுவார்கள். புதிதாகக் கல்யாணமான வீட்டுக்கு அது தலை லோஹ்ரி. அந்த ஜோடியை முன்னால் நிறுத்துவார்கள், பஞ்சாபியா தமிழா என்று பார்ப்பதில்லை. ஊரில் அதே சமயம் போகி. பழசைக் கொளுத்தும் தீ அங்கே, குளிரைக் கொளுத்தும் தீ இங்கே. மறுநாள் பொங்கலுக்கு விடுமுறை இல்லை. காலை ஏழு மணிக்குக் குக்கரில் பொங்கல், பால்கனியில் தெரியாத சூரியனுக்கு ஒரு கும்பிடு, எட்டேகாலுக்கு மெட்ரோ.

பெற்றோர் வரும் மாதம் தம்பதி வழிகாட்டிகளாகிறார்கள். பிப்ரவரியா, ஜனாதிபதி மாளிகைத் தோட்டம். 2023இல்தான் முகலாயத் தோட்டம் என்ற பெயர் போய் அம்ரித் உத்யான் ஆயிற்று. அப்பா இன்னும் பழைய பெயரையே சொல்வார். தாஜ் மஹால் வெள்ளிக்கிழமை கிடையாது என்பதை ஒருமுறை போய் ஏமாந்தவர்கள் மறப்பதில்லை. மதுரா, பிருந்தாவனம், ஹரித்வார், ரிஷிகேஷ் வரிசையாக நடக்கும். இதெல்லாம் ஓய்ந்த பிறகு அம்மா சமையலறையில் நின்று மெதுவாகக் கேட்கும் கேள்வி வேறு. வேலைக்குப் போகப் போகிறாயா? எப்போது ஊருக்கு வருவீர்கள்?

முதல் கேள்விக்கு நகரம் ஓரளவு பதில் சொல்லிவிடுகிறது. பேச்சு இந்தி ஒரு வருஷத்தில் வந்துவிடும். நொய்டாவுக்கு ஒரே ரயில், குருகிராமுக்கு ஹௌஸ் காஸில் ஒருமுறை மாறினால் போதும். இரண்டாவது கேள்விக்கான பதிலைத் தில்லியின் காற்று எழுதுகிறது. தீபாவளி முடிந்த கையோடு வானம் சாம்பல் நிறமாகிவிடும். வயல்களில் எரியும் வைக்கோல், வாகனப் புகை, கட்டடத் தூசி எல்லாம் அசையாத குளிர்காற்றில் தரையோடு படியும். பள்ளிகளை மூடுவார்கள், கட்டட வேலையை நிறுத்துவார்கள், டீசல் லாரிகளைத் தடுப்பார்கள். படிப்படியான இந்தக் கட்டுப்பாடுகள் 2017 முதல் அமலில் இருக்கின்றன. வீட்டில் காற்று சுத்திகரிப்பான் ஓடும், அதன் சிவப்பு விளக்கு அணையாது. இருவராக இருந்தவரை இது ஒரு மாத இருமல். கைக்குழந்தை வந்தபின் நெபுலைசர் வாங்குகிறார்கள், அதற்கு மூடியாக யானை முகம் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெங்களூரிலோ கோவையிலோ வேலை இருக்கிறதா என்று ராத்திரி இரண்டு பேரும் தனித்தனி போனில் தேடுகிறார்கள்.

மேலே குடிவைத்திருக்கும் பழைய தமிழ்ப் பெரியவர்கள் இதைக் கவனிக்கிறார்கள். 1970களில் டி.டி.ஏ. வீட்டை ஓய்வூதியப் பணத்தை நம்பித் தவணையில் வாங்கியவர்கள் அவர்கள். கறிவேப்பிலைச் செடி அவர்கள் வைத்தது. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டலோடு பிளாக் பிளாக்காகச் சுற்றியவர்கள். பிள்ளைகள் டெக்சாஸிலும் சிட்னியிலும் இருக்க, சிலர் வீட்டைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சென்னை முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் கீழே கார் நிறுத்த இடம் விட்டு நான்கு அடுக்கு எழும்புகிறது. மிச்சமிருப்பவர்களுக்கு மாடியில் ஒரு இளம் தமிழ்ஜோடி இருப்பது வாடகையைவிடப் பெரிய விஷயம். ராத்திரி மார்வலி வந்தால் கூப்பிட ஒரு குரல். அந்த ஜோடி வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழாமல் இராது.

ஜனக்புரியிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. 1923இல் மதராஸிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு; இன்று தலைநகரில் அதற்கு ஏழு பள்ளிகள். குழந்தை ஆனா ஆவன்னா எழுதும், பக்கத்து பெஞ்சில் இந்தி பேசும் பிள்ளையும் எழுதும். தில்லியில் மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் வருவது நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும், காற்று ஆக மோசமாக இருக்கும் நேரத்தில். தனியார் பள்ளிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்குத்தான் முக்கியமான மதிப்பெண், ஆகவே முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தத்தின் பதினொரு மாதமும் அதையொட்டியே முடிகிறது. புது ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் வாங்கி வரச் சொல்லி வீட்டுக்காரர் இரண்டு தடவை நினைவுபடுத்திவிட்டார். அவன் இன்னும் வாங்கவில்லை. அவள் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பி, முகவரிக் கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள்.